பத்து என்ற எண்ணின் பூர்வீகம்

மகஸீன் என்ற சொல்லுக்கு வேர் அரபு மொழியில் இருக்கிறது. அங்கே அது கிடங்கு, பண்டகசாலை. பல கை மாறி ஆங்கிலத்துக்கு வந்தபோது வெடிமருந்து வைக்கும் கட்டிடத்துக்குப் பெயராயிற்று. 1731ல் லண்டனில் ஒரு மாதப் பத்திரிகை, பலதும் சேர்த்து வைத்த கிடங்கு என்ற பொருளில் தன்னை இந்தப் பெயரால் அழைத்துக்கொண்டது. இப்போது உங்கள் கையில் இருக்கும் இந்தச் சில பக்கச் சமாச்சாரத்துக்கும் பெயர் அந்த வழியாகத்தான் வந்து சேர்ந்தது. துப்பாக்கியின் அடியில் செருகுகிற தோட்டாப் பெட்டிக்கும் அதே பெயர். இந்த ஒற்றுமையில் ஆழ்ந்த அர்த்தம் ஏதும் இருப்பதாக நான் சொல்ல வரவில்லை. ஒரு சொல் இடம் மாறியபின், அது முன்பு இருந்த இடத்தை வைத்து இப்போதைய காரியத்தைத் தீர்மானிக்க முடியுமா என்பதுதான் என் கேள்வி. அமெரிக்காவில் சில வருஷங்களாக நீதிபதிகள் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சட்டத்தில் எனக்குப் பயிற்சி கிடையாது. ஒரு பழைய வாக்கியத்துக்குப் பொருள் சொல்வதென்றால் என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் அவற்றைப் படித்தேன். படித்து முடித்தபோது அது வெறும் இலக்கியப் பிரச்சினையாக இருக்கவில்லை.

1

தானாகக் குண்டேற்றிக்கொள்ளும் துப்பாக்கிக்குத் தகரத்திலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு பெட்டி உண்டு. உள்ளே ஒரு சுருள்வில், வில்லின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோட்டாக்கள். மேலே இருப்பது வெடித்து வெளியேறியதும் வில் அடுத்ததைத் தள்ளிக் கொடுக்கும். பெட்டி காலியானால் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றைச் செருக வேண்டும். பழகிய கைக்கு இதற்குச் சில விநாடிகள் போதும். நடுங்குகிற கைக்குக் கூடுதலாக வேண்டும். பெட்டியில் எத்தனை தோட்டா இருக்கலாம் என்பதுதான் வழக்கு.

1994 செப்டம்பரில் அமெரிக்க மத்திய அரசு, 10 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் புதிய மகஸீன்கள் பொதுமக்களுக்குக் கூடாது என்று சட்டம் செய்தது. முன்பே புழக்கத்தில் இருந்தவற்றுக்கு விலக்கு. சட்டத்தின் ஆயுள் 10 வருஷம் என்று சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. 2004 செப்டம்பரில் அது காலாவதியாயிற்று, புதுப்பிக்கப்படவில்லை. ஆனால் கலிஃபோர்னியா 2000லிருந்தே தனக்கென்று ஒரு விற்பனைத் தடையை வைத்திருந்தது. 2016ல் அந்த மாநிலத்து மக்கள் நேரடியாக வாக்களித்து, இப்படிப்பட்ட மகஸீன்களை வைத்திருப்பதும் குற்றம் என்று ஆக்கினார்கள். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள்.

அதற்குப்பின் நடந்ததைத் தேதிவாரியாகச் சொல்லிவிடுகிறேன். 2017 ஜூன் கடைசியில், சட்டம் அமலுக்கு வரச் சில நாட்களே இருந்தபோது, ஸான் டியேகோவில் மத்திய ஜில்லா நீதிபதி ரோஜர் பெனிடெஸ் அதற்கு இடைக்காலத் தடை விதித்தார். 2019 மார்ச் 29ல் சட்டமே செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஒரு வாரத்தில் தீர்ப்பை அவரே நிறுத்திவைத்தார். அந்த ஒரு வாரம் கலிஃபோர்னியாவில் பெரிய மகஸீன்களின் விற்பனை அமோகமாக நடந்தது, வாங்கியவர்கள் அதைச் சுதந்திர வாரம் என்று கொண்டாடினார்கள். 2020 ஆகஸ்டில் ஒன்பதாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட்டின் மூவர் பெஞ்சு 2க்கு 1 என்று அவர் பக்கம் நின்றது. 2021 நவம்பரில் அதே கோர்ட்டின் பதினொருவர் பெஞ்சு 7க்கு 4 என்று மாற்றிச் சட்டத்தைக் காப்பாற்றியது. 2022 ஜூனில் சுப்ரீம் கோர்ட், தான் அப்போதுதான் வகுத்த புதிய அளவுகோலை வைத்து மறுபடி பாருங்கள் என்று திருப்பி அனுப்பியது. 2023 செப்டம்பரில் பெனிடெஸ் மறுபடியும் செல்லாது என்றார். 2025 மார்ச் 20ல் பதினொருவர் பெஞ்சு மறுபடியும் 7க்கு 4 என்று செல்லும் என்றது. மாறி மாறி வந்த இந்தத் தீர்ப்புகளுக்கு நடுவே வாசகம் ஒன்றுகூட மாறவில்லை. மாறியதெல்லாம் அதை வாசிக்கும் முறை.

2

வாசகம் 1791ல் அரசியல் சாசனத்தில் சேர்ந்த இரண்டாவது திருத்தம். ஒரே வாக்கியம், ஆங்கிலத்தில் 27 வார்த்தைகள். சுதந்திரமான ராஜ்யத்தின் பாதுகாப்புக்கு ஒழுங்காக அமைந்த குடிப்படை அவசியம் என்பது முன்பாதி. ஆயுதங்களை வைத்திருக்கவும் ஏந்தவும் ஜனங்களுக்கு உள்ள உரிமையை மீறக்கூடாது என்பது பின்பாதி. இரண்டு பாதிக்கும் என்ன சம்பந்தம் என்பதில்தான் எல்லா விவகாரமும். முன்பாதி பின்பாதியைக் கட்டுப்படுத்துகிறதா, அல்லது வெறும் தோரணவாயிலா? 2007ல் தலைநகர் வாஷிங்டனின் அப்பீல் கோர்ட் அந்த வாக்கியத்தின் இரண்டாவது காற்புள்ளியைக் காட்டி, பின்பாதி தன் காலில் நிற்கிறது என்று வாதித்தது. மாநிலங்களுக்கு அனுப்பப்பட்ட பிரதிகள் சிலவற்றில் அந்தக் காற்புள்ளியே இல்லை. பாடபேதம் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல.

நமக்கும் உரையாசிரியர் மரபு இருக்கிறது. ஒரே தொல்காப்பியச் சூத்திரத்துக்கு இளம்பூரணர் ஒன்று சொல்வார், நச்சினார்க்கினியர் அதை மறுத்து வேறு சொல்வார். இரண்டையும் வைத்துக்கொண்டு நாம் சௌகரியமாக வாழ்ந்துவருகிறோம், ஏனென்றால் எந்த உரையாசிரியர் கையிலும் போலீஸ் இல்லை. அமெரிக்க உரையாசிரியர்களுக்கு அது இருக்கிறது. 5 பேர் ஒரு பக்கமும் 4 பேர் ஒரு பக்கமும் நின்றால், ஐவரின் உரை சட்டமாகிறது.

அப்படித்தான் 2008ல் ஆயிற்று. 1939ல் குழல் குறுக்கிய ஒரு துப்பாக்கி பற்றிய வழக்கில், குடிப்படையோடு அதற்குச் சம்பந்தம் காட்டப்படவில்லை என்று சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்தது. சுமார் 70 வருஷம் கீழ்க் கோர்ட்டுகள் பெரும்பாலும் அந்த உரையின்படியே நடந்தன. 2008ல், தலைநகரின் கைத்துப்பாக்கித் தடை பற்றிய வழக்கில், நீதிபதி ஸ்காலியா எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு இது குடிப்படைக்கு அப்பாற்பட்ட தனிமனித உரிமை என்றது. பொதுவான உபயோகத்தில் உள்ள ஆயுதங்களுக்குப் பாதுகாப்பு உண்டு, அபாயகரமும் அசாதாரணமுமான ஆயுதங்களுக்கு இல்லை என்றும் சொன்னது. நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதிய மாற்றுத் தீர்ப்பும் சரித்திரத்தைத்தான் ஆதாரம் காட்டியது. பதினெட்டாம் நூற்றாண்டின் அதே காகிதங்கள், நேர் எதிரான இரு முடிவுகள்.

பொதுவான உபயோகம் என்ற அளவுகோலில் ஒரு சுழல் இருக்கிறது. தடை வருமுன் ஒரு பொருள் நிறைய விற்றுவிட்டால் அது பொதுவானது, எனவே தடுக்கக்கூடாது. விற்குமுன் தடுத்துவிட்டால் அது அசாதாரணம், எனவே தடுக்கலாம். உரிமையின் எல்லையை வியாபாரி தீர்மானித்துவிடுகிறான். 2019ன் அந்த ஒரு வாரத்தை நினைத்துப் பாருங்கள். பொதுவான உபயோகத்தில் இருக்கிறது என்று ஒரு நீதிபதி சொன்னார், சொன்னதாலேயே உபயோகம் இன்னும் பொதுவாயிற்று.

3

2022 ஜூன் 23ல், நியூயார்க் மாநிலச் சட்டம் ஒன்றைப் பற்றிய வழக்கில், நீதிபதி தாமஸ் எழுதிய தீர்ப்பு புதிய அளவுகோலை வகுத்தது. ஒரு துப்பாக்கிச் சட்டத்தால் எத்தனை உயிர் பிழைக்கும், எவ்வளவு சிரமம் நேரும் என்றெல்லாம் நீதிபதி தராசில் போட்டு நிறுக்கக்கூடாது. திருத்தத்தின் வாசகத்துக்குள் ஒரு நடத்தை அடங்குமானால், அதைக் கட்டுப்படுத்தும் சட்டம் நாட்டின் சரித்திர மரபோடு ஒத்துப்போகிறது என்று அரசாங்கம் நிரூபிக்க வேண்டும். அச்சாக அதே சட்டம் இருந்திருக்க வேண்டியதில்லை, ஒப்புமை சொல்லக்கூடிய மூதாதை ஒன்று இருந்தால் போதும். நீதிபதிகள் சரித்திராசிரியர்கள் அல்லவே என்று மாற்றுத் தீர்ப்பில் பிரையர் கவலைப்பட்டார். பிரயோஜனமில்லை. அன்றிலிருந்து 10 என்ற எண்ணுக்கு மூதாதை தேடும் படலம் தொடங்கிற்று.

நானும் தேடிப் பார்த்தேன். எண்களுக்குப் பஞ்சமே இல்லை.

முதல் எண் 24. 1792 மே மாதச் சட்டம், 18க்கு மேல் 45க்குள் உள்ள ஒவ்வொரு திடகாத்திரமான வெள்ளை ஆண்மகனும் தன் செலவில் ஒரு மஸ்கட் துப்பாக்கியும், 24 தோட்டாக்களுக்குக் குறையாமல் கொள்ளும் பையும் வைத்திருக்க வேண்டும் என்றது. இது உச்சவரம்பு அல்ல, கீழ்வரம்பு. துப்பாக்கிக்காரர்களின் வக்கீல்களுக்கு இந்த 24 இனிக்கிறது. ஆனால் அந்தத் தோட்டாக்கள் இடுப்பில் தொங்கும் பையில் இருந்தன. ஒவ்வொன்றையும் எடுத்துக் கடித்துக் கொட்டி இடித்துச் சுடவேண்டும். தேர்ந்த சிப்பாய் நிமிஷத்துக்கு மூன்று தடவை சுட்டால் அதிகம்.

இரண்டாவது எண் 28. 1784ல் நியூயார்க் நகருக்கு வந்த சட்டப்படி ஒரு வீட்டில் 28 பவுண்டுக்கு மேல் வெடிமருந்து இருக்கக்கூடாது. அதையும் 7 பவுண்டுக்கு மிகாத நான்கு பாத்திரங்களில் பிரித்து வைக்க வேண்டும். மிச்சமெல்லாம் ஊர்ப் பொதுக் கிடங்கில், அதாவது மகஸீனில், இருக்க வேண்டும். பழைய அர்த்தத்தில் மகஸீன் என்பது பொதுச் சொத்து. 1775 ஏப்ரலில் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் நகரில் ஆங்கிலேய கவர்னர் அந்தக் கிடங்கிலிருந்து ராவோடு ராவாக மருந்துப் பீப்பாய்களை எடுத்துப் போனபோது ஊரே திரண்டது. விடுதலைப் போரின் தொடக்கச் சம்பவங்களில் அது ஒன்று.

மூன்றாவது, நான்காவது எண்கள் 16ம் 12ம். 1927ல் மிஷிகன் மாநிலம், மீண்டும் நிரப்பாமல் 16 தடவைக்கு மேல் சுடும் துப்பாக்கிகளைத் தடுத்தது. அதே வருஷம் ரோட் ஐலண்டு 12 என்று வைத்தது. 1932ல் தலைநகருக்கான சட்டமும் 12 என்றது. பிற்பாடு இரண்டு மாநிலங்களும் தம் எண்ணைத் தளர்த்திப் பிறகு விட்டுவிட்டன.

இந்த எண்கள் ஒவ்வொன்றும் ஒரு பயத்துக்குச் சொல்லப்பட்ட பதில். 24 என்ற எண்ணுக்குப் பின்னால் 1791 நவம்பர் இருக்கிறது. அந்த மாதத்தில்தான் வபாஷ் நதிக்கரையில் பூர்வகுடிகள் அமெரிக்கப் படையை நிர்மூலமாக்கினார்கள், 600க்கு மேற்பட்ட சிப்பாய்கள் இறந்தார்கள். நிரந்தரப் படை வைத்துக்கொள்ளப் பயம், வைத்துக்கொள்ளாமலிருக்கவும் பயம். அதனால் குடிமகனின் தோளில் பை ஏறியது. 28 என்ற எண்ணுக்குப் பின்னால் இருப்பது தீ. 1776ல்தான் நியூயார்க்கின் ஒரு பகுதி எரிந்து போயிருந்தது. 16க்கும் 12க்கும் பின்னால் இருப்பது மதுவிலக்குக் கால கள்ளச்சாராயக் கோஷ்டிகளும், வட்டப் பெட்டியில் 50 அல்லது 100 தோட்டா அடங்கும் தாம்ஸன் துப்பாக்கியும். 10 என்ற எண்ணுக்குப் பின்னால் இருப்பது பள்ளிக்கூடம், கடைவீதி, அலுவலகம். 1989ல் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் ஊரில் பள்ளி மைதானத்தில் 5 குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

எண்ணுக்கு மூதாதை தேடுகிறவர்கள் பயத்துக்குத் தேடுவதில்லை. எனக்கு இதில்தான் ஆட்சேபம். 1784ன் நியூயார்க்காரனிடம் போய், உன் பாட்டன் இப்படி ஒரு சட்டம் போட்டானா என்று யாரும் கேட்கவில்லை. ஊர் எரிந்தது, எண் போட்டான். மூதாதைகளிடமிருந்து கற்கக் கூடியது ஒன்று உண்டென்றால், அவர்கள் தம் மூதாதைகளைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை என்பதைத்தான்.

4

இந்தத் தேடல் இன்னொரு அசிங்கத்துக்கும் கொண்டுபோய் விடுகிறது. 2022 கடைசியில் பெனிடெஸ், சரித்திரத்தில் உள்ள சம்பந்தப்பட்ட சட்டங்களை எல்லாம் பட்டியல் போட்டுக் கொடுக்கும்படி மாநில அரசுக்கு உத்தரவிட்டார். அரசு வக்கீல்கள் நீண்ட பட்டியல் கொடுத்தார்கள். அதில் அடிமைகளுக்கும் பூர்வகுடிகளுக்கும் ஆயுதம் கூடாது என்ற சட்டங்களும் இருந்தன. குழந்தைகளைக் காக்கிற சட்டத்துக்கு வக்காலத்து வாங்க, அடிமைகளின் கையைக் கட்டிய சட்டத்தைச் சாட்சிக்கு அழைக்க வேண்டிவந்தது. நீதிபதி அதைக் கண்டித்தார். கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் அவர்கள் தேடும்படி விதிக்கப்பட்ட மண்ணில் அதுதான் புதைந்திருந்தது. அந்தச் சட்டங்களைச் செய்த அதே தலைமுறைதான் உரிமையின் வாசகத்தையும் செய்தது. சட்டத்தைத் தள்ளிவிட்டு அவர்களுடைய வாசகத்தை மட்டும் புனிதமாக வைத்துக்கொள்வது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

மௌனத்தைப் படிப்பது இன்னொரு சிக்கல். பதினெட்டாம் நூற்றாண்டில் தொடர்ந்து சுடும் ஆயுதங்கள் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆஸ்திரியப் படையிடம் ஜிரார்டோனி என்ற காற்றுத் துப்பாக்கி இருந்தது, ஒரு நிரப்பலில் சுமார் 20 குண்டுகள். 1804ல் மேற்கே புறப்பட்ட லூயிஸ் - கிளார்க் குழு அப்படி ஒன்றை எடுத்துப்போய்ப் பூர்வகுடிகளிடம் சுட்டுக் காட்டி வியக்க வைத்தது. பார்த்தீர்களா, அப்போதே இருந்தும் யாரும் தடுக்கவில்லை என்கிறது ஒரு கட்சி. ஒரு பொம்மையைப்போல் அபூர்வமாக இருந்ததால் தடுக்க அவசியம் வரவில்லை என்கிறது மற்ற கட்சி. எனக்கு இரண்டாவது சரியென்று படுகிறது. ஆனால் அதைவிட முக்கியம், இறந்தவர்கள் பேசாத இடத்தில் சம்மதம் என்று எழுதுவது வியாக்கியானம் ஆகாது என்பது. புதுக்கவிதைக்கு வக்காலத்து வாங்க நம்மில் சிலர் சங்கப் பாட்டில் மூதாதை தேடியதும், எதிர்த்தவர்கள் யாப்பு நூல்களின் மௌனத்தைத் தடையுத்தரவாகப் படித்ததும் நினைவுக்கு வருகின்றன. இரு தரப்பாரும் தம் காலத்தைப் பார்த்துப் பேச வேண்டியதைப் பாட்டனைப் பார்த்துப் பேசினார்கள். நம் விஷயத்தில் நஷ்டம் சில வருஷச் சர்ச்சையோடு போயிற்று.

5

2025 மார்ச் தீர்ப்பை நீதிபதி கிரேபர் எழுதினார். பெரிய மகஸீன் ஆயுதமே அல்ல, ஆயுதத்துக்கு ஒரு துணைச் சாதனம், ஆகவே திருத்தத்தின் வாசகத்துக்குள் அது வராது என்பது முதல் வாதம். வந்தாலும், விசேஷமாக ஆபத்தான உபயோகங்களைக் கட்டுப்படுத்தும் மரபு உண்டு என்பது இரண்டாவது. 1771ல் நியூ ஜெர்ஸி, கயிறு கட்டித் தானே வெடிக்க வைக்கும் பொறித் துப்பாக்கிகளைத் தடுத்தது. 1837லிருந்து பல மாநிலங்கள் போவி என்ற நீண்ட கத்திகளைக் கட்டுப்படுத்தின. இவை மூதாதைகள். எதிர்த்த நீதிபதிகளில் ஒருவரான வான்டைக், தன் அறையில் உட்கார்ந்து துப்பாக்கிகளைக் கையில் எடுத்துக் காட்டி விளக்கும் ஒரு படத்தையே மாற்றுத் தீர்ப்போடு சேர்த்து வெளியிட்டார். இப்படிப் பிரித்துக்கொண்டே போனால் துப்பாக்கியில் ஆயுதம் என்று மிஞ்சுவது என்ன என்பது அவர் கேள்வி. சக நீதிபதிகள் அந்தச் செய்கையைக் கண்டித்தார்கள். ஆனால் கேள்வி நல்ல கேள்விதான். சட்டம் நிலைக்க வேண்டும் என்பதே என் கட்சி. ஆனாலும் துணைச் சாதனம் என்ற வாதம் எனக்குத் திருப்தி தரவில்லை. வில்லும் பெட்டியும் தோட்டாவும் சேர்ந்ததுதான் அந்தக் காரியம். சொல்லைச் சுருக்கி உண்மையிலிருந்து தப்புவது எந்தக் கட்சிக்கும் அழகல்ல.

உண்மை என்று நான் சொல்வது அந்தச் சில விநாடிகளை. 2011 ஜனவரி 8ல் அரிஸோனாவின் டூஸான் நகரில், காங்கிரஸ் அங்கத்தினர் காப்ரியல் கிஃபர்ட்ஸ் மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த இடத்தில் ஒருவன் 33 தோட்டாப் பெட்டியோடு வந்து சுட்டான். 6 பேர் இறந்தார்கள். பெட்டி தீர்ந்து அடுத்ததைச் செருக முயன்றபோது பக்கத்தில் இருந்தவர்கள் அவனை மடக்கினார்கள். 2012 டிசம்பர் 14ல் கனெக்டிகட்டின் ஸான்டி ஹூக் பள்ளியில், 30 தோட்டாப் பெட்டிகளோடு வந்தவன் 5 நிமிஷத்துக்குள் 154 தடவை சுட்டான். 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் இறந்தார்கள். துப்பாக்கி நின்ற ஓர் இடைவெளியில் சில குழந்தைகள் ஓடித் தப்பினார்கள்.

பெனிடெஸின் 2019 தீர்ப்பு தொடங்குவதும் இதே இடைவெளியில்தான். நள்ளிரவில் வீட்டுக்குள் புகுந்தவர்களை எதிர்த்துச் சுட்டு, தோட்டா தீர்ந்து நின்ற பெண்களின் கதைகளை அவர் சொல்கிறார். அவை பொய்க் கதைகள் அல்ல. தற்காப்புக்காகச் சுடுகிறவர்கள் சராசரியாக 2.2 தடவைதான் சுடுகிறார்கள் என்று அரசுத் தரப்பு நிபுணர் கணக்குக் காட்டினார். சராசரி அந்த இரவில் அந்தப் பெண்ணுக்கு உதவாது என்பது நீதிபதியின் பதில். அதுவும் கேட்கத் தகுந்ததே.

ஆக, வழக்கின் நடுவே இருப்பது ஒரே நிமித்தம். பெட்டி காலியாகி அடுத்தது ஏறுவதற்குள் உள்ள விநாடிகள். அதில் ஒரு குழந்தை வாசலைத் தாண்டலாம், ஒரு பெண் தன் படுக்கையறையில் சாகலாம். எது அதிகம் நேர்கிறது, எதற்காக ஒரு சமூகம் எதை விட்டுக்கொடுக்கும் என்று உயிரோடிருப்பவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். கலிஃபோர்னியர்கள் 2016ல் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவர்கள் முடிவு தவறென்றால், தவறு என்று அந்த விநாடிகளைக் கொண்டே காட்டலாம். ஆனால் 2022ன் அளவுகோல் நீதிபதிகள் எடைபோடக் கூடாது என்று சொல்லியிருப்பது இந்த விநாடிகளைத்தான். அவற்றைத் தொடாமல், மஸ்கட் துப்பாக்கியையும் மருந்துப் பானையையும் மான் வேட்டைப் பொறியையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எழுதுகிற எல்லோருக்கும் தாம் எதைப் பற்றி எழுதுகிறோம் என்று தெரியும்.

2024 ஜூனில் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், வேறொரு வழக்கில், தங்கள் முன் தீர்ப்புகள் சட்டத்தைப் பிசினில் உறைந்த பூச்சியாக்கவில்லை என்று விளக்க வேண்டிவந்தது. விளக்க வேண்டிவந்ததே ஒரு ஒப்புதல். 1927ல் 12 என்று வைத்த அதே ரோட் ஐலண்டு 2022ல் 10 என்று புதிதாகச் சட்டம் செய்தது. அப்பீல் கோர்ட் அதை ஒப்புக்கொண்டது. 2025 ஜூன் 2ல் அந்த வழக்கைக் கேட்க சுப்ரீம் கோர்ட் மறுத்தது.

10க்குப் பூர்வீகம் கிடையாது என்றே நான் நினைக்கிறேன். 1994ல் சிலர் உட்கார்ந்து தீர்மானித்த எண் அது. 9 ஆக இருந்திருக்கலாம், 12 ஆகவும் இருந்திருக்கலாம். 28 பவுண்டு அப்படித்தான் வந்தது, 24 தோட்டாவும் அப்படித்தான். பிறந்த நாளில் எல்லா எண்ணுமே அனாதைதான்.